மிகைமானி சிவந்தபோது

'மிகை: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. வெளியிடத் தகாது.'

தன் அறிக்கைக்கு மிகைமானி காட்டிய சிவப்பு விளக்கைக் கலியமூர்த்தி நம்ப முடியாமல் பார்த்தார். அந்த எந்திரத்தை உருவாக்கியவரே அவர்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன், காவிரிப் படுகையில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியபோது, பத்தே ஆண்டில் வெக்கை தாங்காமல் பூமி பாலைவனமாகும் என்று அங்கயற்கண்ணி என்ற ஆய்வாளர் அறிக்கை விட்டார். அரண்டுபோன சனங்கள் வயலையும் வீட்டையும் போட்டுவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். கலியமூர்த்தி அந்தக் கணக்கைக் கிண்டிப் பார்த்தார். எங்கோ வேற்று நாட்டுப் பாறையிலிருந்து வாயு கசியும் அளவை அந்த அம்மாள் அப்படியே எடுத்தெழுதியிருந்தார். அளந்து பார்க்கவே இல்லை.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் மிகைமானி. எச்சரிக்கை எதுவானாலும், அதுவரை வெளிவந்த ஆய்வுகளோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஊதிப் பெருக்கியது என்று சொல்லிவிடும். அதன் பச்சை விளக்கு எரியாமல் எந்த எச்சரிக்கையும் அரசின் மேசைக்குப் போகாது. நல்ல ஏற்பாடுதான். புளுகு குறைந்தது, ஊர் நிம்மதியாக இருந்தது.

இந்த வாரம், எண்ணெய் எடுத்து மூடிய கிணறுகள் நாற்பதை அவரே போய் அளந்தார். காற்றைச் சூடேற்றும் மீத்தேன், கணக்கில் இருப்பதைப் போல் பதினொரு மடங்கு கசிந்துகொண்டிருந்தது. மூன்று முறை அளந்தும் அதே எண். நாளைக் காலை இன்னும் இருநூறு கிணறுகளுக்கு அனுமதி கையெழுத்தாகிறது.

பிறகு ஏன் சிவப்பு? மானி ஒப்பிட்ட ஆய்வுகளைத் திறந்தார். நூற்றுக்கு மேல் இருந்தன. அத்தனையிலும் ஒரே எண். மூடிய கிணறு அவ்வளவாகக் கசியாது என்று மானியைச் செய்தபோது அவரே குத்துமதிப்பாகப் போட்ட எண். இருபது ஆண்டாக எல்லோரும் அதையே எடுத்தெழுதியிருந்தார்கள். ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

வெட்கத்தை விட்டு, அளந்ததை எழுதிய தாளோடு அங்கயற்கண்ணியின் வீட்டுக்கு ஓடினார்.

"அம்மா, அன்னிக்கு உங்க எண் தப்பு. இன்னிக்கு என் எண்ணும் தப்பு. நாளைக்கு அனுமதி கொடுக்கிற ஆபீஸ் வாசல்ல நீங்க நின்னு இதச் சொல்லணும். நீங்க கூப்பிட்டா நாலு பேர் வருவாங்க."

அங்கயற்கண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பயமுறுத்தி ஊரையே காலி பண்ண வச்சவ நான். அந்தப் பாவம் போதும் சார்." கொஞ்சம் தயங்கினார். "பதினொரு மடங்குங்கிறீங்க... மானி என்ன சொல்லுச்சு?"