தட்டான் பெயர் போட்ட காசு

தர்மராஜ் வாத்தியார் நீட்டிய சின்ன டப்பாவை அனுசியா அம்மாள் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே காசு லொடலொடவென்று ஆடியது.

"முன்னாடியும் இப்படி ஆடுச்சுங்களா?"

"இல்லைங்க. டப்பாவுக்குள்ள இருக்கற குழியில கச்சிதமா உக்காந்திருக்கும்."

அனுசியா அம்மாள் பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். விருத்தாசலத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் பலரும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். தர்மராஜ் நடந்ததைச் சொன்னார். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஒரு தட்டான், தன் பெயரையே போட்டு அடித்த தங்கக் காசு அது. அங்கிருக்கும் தம்பி அனுப்பியது. ஒரு வருஷமாகத் திறக்காமல் வைத்திருந்த டப்பாவை, எடை பார்க்கச் சொல்லி நேற்றுக் காலை நகைப்பட்டறையில் வங்காளத்து சுபலிடம் கொடுத்திருக்கிறார். மத்தியானம் போனால், "சார், இது ஈயம்" என்கிறான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வாத்தியார் அவன் சட்டையைப் பிடித்து, கடைத்தெருவுக்கே கேட்கும்படி திருடன் என்று கத்திவிட்டார். பட்டறைக்காரர் சுபலை அங்கேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இன்று சாயங்கால ரயிலில் அவன் ஊருக்குப் போகிறான். அதற்குள் காசு வேண்டும் என்றார் தர்மராஜ். பக்கத்தில் மனைவி திரௌபதி குனிந்த தலை நிமிரவில்லை.

வெளியூர்க்காரன் வேலைதான், ஸ்டேஷனிலேயே மடக்கிவிடலாம் என்று அனுசியா அம்மாளின் உதவியாளன் கார்முகில் செருப்பை மாட்டக் கிளம்பினான்.

"உக்காருப்பா. எடுத்தவனே ஈயம்னு காட்டிக் குடுப்பானா?" அனுசியா அம்மாள் காசையும் குழியையும் அளந்தார். "எழுத்து, கீறல் எல்லாம் அசல் மாதிரியே இருக்குது. அசலை அழுத்தித்தான் அச்சு எடுத்திருக்காங்க. ஆனா காசு பத்துல ஒரு பங்கு சின்னது. தட்டான் எடுக்கற அச்சு இவ்ளோ சுருங்காதுங்க. காஞ்சி, சூளையில வெந்த களிமண்ணு அச்சுதான் சுருங்கும். உங்க வூட்ல மண்ணு வேலை பாக்கறது யாருங்க?"

தர்மராஜ் மனைவி பக்கம் திரும்பினார். திரௌபதி பொம்மைக் கம்பெனியில் அச்சு எடுப்பவள்.

"லட்சுமி பொம்மை கைக்குக் காசு செய்யலாம்னு எடுத்துட்டுப் போனேன்," என்றாள் அவள். "வரும்போது அசல் காசு பஸ்ஸுல தொலஞ்சிட்டுது. அச்சு மட்டுந்தான் மிச்சம். அதுலதான் ஈயத்த ஊத்தி, பொம்மைக்கு அடிக்கற தங்க பெயிண்ட்ட அடிச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"இருவது வருஷமா உங்க கோவத்தப் பாக்கறேங்க. அந்தத் தம்பி சட்டையப் புடிச்சீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கணும். பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சி."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சீமை விட்டுச் சீமை போன தட்டானின் பெயரைப் பார்த்தே ஊர் அந்தக் காசை நம்பியது என்று தர்மராஜ் வகுப்பில் எத்தனை முறை பெருமை பேசியிருப்பார்! அதே மாதிரி பிழைக்க வந்த சுபலைத் திருடன் என்றோமே, வீட்டில் பெண்டாட்டிக்கு உண்மை சொல்லத் தைரியமில்லாதபடி வாழ்ந்திருக்கிறோமே என்று நினைத்தபோது, அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். சுபல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். திரௌபதி அழுதாள். தர்மராஜ் கைகூப்பி, நீ எடுக்கவில்லை, தப்பெல்லாம் எங்கள் பேரில்தான் என்றார்.

"நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும் சார்," என்றான் சுபல். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கடைத்தெருவுல சொல்லுங்க."

தர்மராஜ் கைகளை இறக்கிவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தார். திரௌபதியும் கூடவே போனாள். நேற்றுக் கத்தியதைவிடச் சத்தமாக இன்று சொல்ல வேண்டியிருந்தது.