மகுடம் கழன்ற அலமாரி

"வீடு காலியாயிடுச்சுங்களா?"

கதவைத் திறந்தவளின் தலையில் துண்டு, கையில் ஒட்டு டேப், கண்களில் கொலைவெறி. கேட்டவனோ இஸ்திரி கலையாத சட்டையில், மணி பிளான்ட் தொட்டி ஒன்றைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்து நின்றிருந்தான்.

"ஆயிடுச்சே! இந்த அட்டைப்பெட்டி எல்லாம் சும்மா அழகுக்கு அடுக்கி வெச்சிருக்கோம்."

அவள் பல் டாக்டர். அவன் பாலம் கட்டும் இன்ஜினியர். அவளுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், தங்கள் வீட்டுக்குக் குடிவரப்போகும் ஆள் இவன்தான் என்பது மட்டும். அடுத்த மாதம் காலியாக வேண்டிய வீட்டை, மாதம் குழம்பி இந்த மாதமே இவனுக்குப் பேசிவிட்டார் வீட்டுக்காரர். தப்பு தெரிந்ததும் பாவம், மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தார். 'அடுத்த மாசம்தான் முடியும்' என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். போனை எடுத்தது அப்பா.

அப்பாவைத் தெருவே கேப்டன் என்றுதான் கூப்பிடும். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைசுற்றும் என்பதால் கப்பலில் கால் வைத்ததே இல்லை. "கப்பல் கப்பலா காலி பண்ணவன்யா நான்! ஒரு வீடு என்ன பெரிய வீடு? ஞாயித்துக்கிழமை சாவி உங்க கையில!" என்று முழங்கிவிட்டுப் போனை வைத்தார். அதற்குப் பிறகு அவர் முழங்கிக்கொண்டே இருந்தார். பெட்டி கட்டியது மகள்.

"சாரிங்க... நான் வேணா கீழ வெயிட் பண்றேன்" என்றான் அவன்.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள்... தூங்காத, தப்பு செய்யாமலே மன்னிப்புக் கேட்கும் கண்கள்... சே! எதிரிக்கு எதற்கு இவ்வளவு நல்ல கண்கள்? பல்வரிசையும் சுத்தம். ஒரு சொத்தை கிடையாது.

"வந்தது வந்துட்டீங்க. அந்தப் பெட்டியைப் பிடிங்க."

பிடித்தான். மெத்தை இறங்கியது, பாத்திரம் இறங்கியது, சாமான்கள் ஒவ்வொன்றாக லாரிக்குப் போயின. மிஞ்சியது படுக்கையறையில் நின்ற தேக்கு அலமாரி. கடைசிப் பதவி உயர்வு வந்த அன்று கேப்டன் அதன் உச்சியில் ஒரு மகுடம் பொருத்தினார். நடுவில் நங்கூரம், இரண்டு பக்கமும் சிங்கம். சிங்கங்களைப் பார்த்தால் பல்வலியில் இருப்பதுபோல் தெரியும் என்பது மகளின் நீண்டநாள் அபிப்பிராயம்.

கீழே லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். அவருக்கு அடுத்த சவாரி காத்திருந்தது.

"அலமாரி ஏறாம நான் ஏற மாட்டேன்" என்றார் கேப்டன். "அறுக்கறேன், கழட்டறேன்னு எவனாவது கிட்ட வந்தான்..."

அவள் கதவையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். இன்று சாவியைக் கொடுக்காவிட்டால் தெருவே சிரிக்கும். சிரித்தால் அந்த மனுஷர் உடைந்துபோவார். வீராப்பு பேசுகிறவர்கள் எல்லாம் உள்ளே கண்ணாடிச் சாமான்கள்தானே.

"கவலைப்படாதீங்க சார்." இன்ஜினியர் அளவு டேப்பை உருவி, அலமாரியையும் கதவையும் அளந்தான். "பாலத்தையே தூக்கி வெச்சிருக்கேன். லேசா சாய்ச்சா, வழுக்கிட்டுப் போயிடும்."

"மகுடத்தை அளக்கலையே?" என்றாள் அவள்.

"அது அலங்காரம்மா. அளவுல சேராது" என்றார் கேப்டன்.

"கரெக்ட் சார்" என்றான் இன்ஜினியர்.

இரண்டு அறிவாளிகள் ஒரே நேரத்தில் தலையாட்டினால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. வெளியே கேப்டனும் சுமை தூக்குபவர்களும் இழுக்க, உள்ளே அவனும் அவளும் தள்ள... 'கிறீச்'! அலமாரியின் கால் கூடத்தில், தலை படுக்கையறையில். மகுடம் கதவு நிலையின் மேல்கட்டையில் கவ்விக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அந்த அறைக்கு வேறு கதவும் இல்லை.

சொல்லி வைத்ததுபோல் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பிகளில் முத்து முத்தாய்... வெள்ளிச் சரமாய்... மெத்தை மூடாத லாரியில் கிடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"உங்க கணக்கு தப்பு" என்றாள் கையைக் கட்டிக்கொண்டு.

"கணக்கு சரிங்க. கதவுதான் கோணல்."

"ஓகோ! உங்க பாலத்துல தண்ணி வந்தா, ஆறுதான் கோணல்னு சொல்வீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்தபோது அறை ரொம்பச் சின்னதாக இருந்தது... மழைச்சத்தம் ரொம்பப் பெரிதாக... அவள் தலையிலிருந்த துண்டு எப்போது நழுவியது? அவன் ஏன் திடீரென்று ஜன்னலோரம் வைத்த மணி பிளான்டைப் பார்க்கிறான்?

"உள்ள என்ன சத்தம்?" என்றது அலமாரிக்கு அப்பாலிருந்து கேப்டனின் குரல்.

ஹாரன் மறுபடி கத்தியது. அவள் முகம் வாடியதை அவன் பார்த்தான். அலமாரிப் பக்கம் திரும்பினான். வாழ்நாளில் சொல்லிப் பழகாத வார்த்தை போலிருக்கிறது. தொண்டையைச் செருமி, ஊருக்கே கேட்கச் சொன்னான்.

"சார்! என் கணக்கு தப்பு!"

"அப்படிச் சொல்லாதே தம்பி! நம்ம கணக்கு சரி..."

"இல்ல சார், தப்பு. மகுடத்தை அளந்திருக்கணும். உங்க பொண்ணு அப்பவே சொன்னாங்க. கேட்கல."

பூங்கொத்து நீட்டியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தப்பு என்று ஒத்துக்கொண்ட ஆண்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறாள். இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டு, அடுத்ததில் இரண்டாகச் சேர்த்து அடித்தது.

"ஸ்டூலைப் பிடிங்க" என்று ஏறினாள். மகுடத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தாள். ஆணி இல்லை, மரமுளைதான். அவன் வெடுக்கென்று இழுக்கக் கை நீட்டினான்.

"இழுக்கக் கூடாது. இழுத்தா உடையும். ஆட்டணும்..."

இந்தப் பக்கம் கொஞ்சம்... அந்தப் பக்கம் கொஞ்சம்... கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் அதே பொறுமையோடு.

"ஏய், என்னம்மா பண்றே?" கேப்டன் அலறினார்.

"ஒண்ணுமில்லப்பா. வலிக்காது."

'டக்.'

நங்கூரமும் சிங்கங்களும் முழுசாக அவள் கையில். மறுநொடி அலமாரி, இத்தனை நேரம் எதற்கு இந்த ரகளை என்பதுபோல், வழுக்கிக்கொண்டு வெளியே போனது. சுமை தூக்குபவர்கள் விசில் அடித்தார்கள். மாடிப்படியில் எட்டிப் பார்த்த பக்கத்து வீடுகள் கைதட்டின.

கேப்டன் மொட்டை அலமாரியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தன் வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இதுவும் கம்பீரமாத்தான்யா இருக்கு... என்ன பார்க்கறீங்க, தூக்குங்க!"

ஊர்வலம் கீழே இறங்கியது. முன்னால் அலமாரி, பின்னால் குடை பிடித்தபடி கேப்டன். ராஜாகூட இப்படிப் பட்டணம் விட்டுப் போயிருக்க மாட்டார்.

வெறும் கூடத்தில் மகுடத்தைச் சுமந்து நின்றான் அவன்.

"இதை அடுத்த வாரம் உங்க புது வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிடறேன்."

"வேணாம். திரும்ப யாரு பிடுங்கறது?"

"அப்போ... நான் எதைச் சொல்லிட்டு வர்றது? பல்லும் வலிக்கலயே." மறுபடி செருமினான். "சரி, நேராவே சொல்லிடறேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அளந்து பார்த்துட்டுத்தான் சொல்றீங்களா?"

"இல்லீங்க. முதல் தடவையா... அளக்காம."

கீழே "என்னம்மா, லாரி கிளம்புது!" என்றது குரல். அவன் கையிலிருந்த மகுடத்தின் மேல் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு அவள் ஓடினாள். சாரலடிக்கும் படித் திருப்பத்தில் நின்றாள். மழையில் நனைந்த முகம், அடக்க முடியாத சிரிப்பு.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு... இன்னொரு விஷயம். நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வரும்போது கதவை அளந்துட்டு நிக்காதீங்க. நான் நேராவே நுழைஞ்சிடுவேன்!"