கண்ணை ஒருமுறை மூடித் திறக்கவும்

சந்தாபுராவுல நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மத்தியானம் மூணு மணி. ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு, ஈஜிபுராவுல இருந்து ரெண்டு பஸ் மாறி, சாவு விழுந்த வீட்டுக்குப் பொய் சொல்லத்தான் போனேன். இன்னிக்கும் அதை நினைச்சா என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும்னு தோணுது.

வித்யாலட்சுமி அக்கா போய் மூணு மாசம் ஆச்சு. பாதியில நின்னுபோன ஒரு டிவி சீரியலுக்கு இணையத்துல ரசிகர் தளம் ஆரம்பிச்சு நடத்தினவங்க. சீரியல்காரன் விட்ட இடத்துல இருந்து நாங்க நாப்பது பேர் கதை எழுதினோம். ஒன்பது வருஷம், ஆயிரத்துச் சொச்சம் கதை. என் கல்யாணம் முறிஞ்சப்போ என்னைச் சாகவிடாம வச்சதே அந்தத் தளம்தான்.

அதுக்கு இலவசமா இடம் கொடுத்த கம்பெனியிலதான் எனக்கு வேலையும். புது முதலாளி வந்தான். விளம்பரம் ஓடாத ரசிகர் தளமெல்லாம் அவனுக்குக் குப்பை. தளத்தை ஆரம்பிச்சவங்க தங்களோட மொபைல்ல முகத்தைக் காட்டி, உயிரோட இருக்கறதை நிரூபிக்கணும். இல்லன்னா மொத்தத்தையும் அழிச்சிடுவான். அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிதான் கெடு.

எங்க கம்பெனி லட்சணம் எனக்குத் தெரியாதா? போட்டோவைக் காட்டினாலே போதும், பச்சை டிக் விழுந்துடும்னு கணக்குப் போட்டேன்.

அக்கா வீட்டுக்காரர் அசோகன் அண்ணா கதவைத் திறந்தார். ஜன்னலெல்லாம் சாத்தி ஹால் இருட்டா இருந்தது. டெட்டாலும் வாடின மல்லியும் கலந்து ஒரு வாசனை. மூணு மாசமாகியும் போகல.

"அக்கா போனைக் கொஞ்சம் தாங்கண்ணா. எங்க பழைய போட்டோ நாலு எடுத்துக்கறேன்."

லாக்கை எடுத்துவிட்டவர், போனைக் கொடுக்காம கையிலேயே வச்சிருந்தார்.

"போட்டோவோட நிறுத்திக்கோ விஜி. அந்தச் சைட்டைத் தொடாத. டயாலிசிஸ்ல படுத்துக்கிட்டே உங்க சண்டையெல்லாம் தீர்த்து வச்சிட்டிருந்தா. கடைசி வாரம், கண்ணு எரியுதுங்க, தூங்கணும்னு அழுதா. பேடம்மா, வேணாம், விட்டுடு. இனியாவது தூங்கட்டும்."

"சத்தியமா தொடமாட்டேண்ணா."

அவர் காப்பி போட உள்ளே போனார்.

சுவத்துல மாலை போட்ட அக்கா படம். நேரா என்னையே பாத்துச்சு. எதிர்ல போய் நின்னு, தளத்தோட பக்கத்தைத் திறந்து போனைத் தூக்கினேன்.

'முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்.'

வச்சேன்.

'கண்ணை ஒருமுறை மூடித் திறக்கவும்.'

அடப்பாவிகளா! இதை எப்போ சேர்த்தானுங்க? போச்சு, எல்லாம் போச்சு. அண்ணா வந்துடுவாரோன்னு சமையலறைப் பக்கம் திரும்பிப் பாத்தேன்.

டிங்.

பச்சை டிக்.

ஃபேன் ஓடல. காத்தும் இல்ல. டெட்டால் வாசனை மட்டும் குப்புனு ஏறி வந்துச்சு.

'தலையை இடப்பக்கம் திருப்பவும்.'

அப்பவே போனைக் கீழ இறக்கியிருக்கலாம். வீட்டை விட்டு ஓடியிருக்கலாம். ஆறு மணிக்கு ஒன்பது வருஷமும் அழிஞ்சிடுமேங்கற வெறியில நான் இறக்கல. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கிட்டேன்.

காஞ்ச மாலை கண்ணாடியில உரசற சத்தம் கேட்டுச்சு.

மெதுவா.

வலிக்கற கழுத்தைத் திருப்பற மாதிரி மெதுவா.

டிங்.

கண்ணைத் திறந்து ஸ்க்ரீனை மட்டும் பாத்தேன். 'நன்றி, வித்யாலட்சுமி. உங்கள் தளம் அழிக்கப்படாது. இனி மாதம் ஒருமுறை உங்கள் முகத்தைக் காட்டவும்.'

பொழைச்சோம்டா சாமி! பயத்தையும் மீறி சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பின்னால டம்ளர் விழுந்து உருண்டுச்சு.

அசோகன் அண்ணா நின்னுக்கிட்டிருந்தார். என்னைப் பாக்கல. எனக்கு மேல, சுவத்தைப் பாத்தார்.

"எழுப்பிட்டியா?" சுவத்துல இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "தூங்கினவளை எழுப்பிட்டியாம்மா?"

அப்பதான் நிமிர்ந்து பாத்தேன். காலையில அவர் படத்துக் கண்ணாடி மேல வச்ச குங்குமம் வச்ச இடத்துலயே இருந்தது. அதுக்குப் பின்னால அக்கா நெத்தி இல்ல. நரைச்ச காதோர முடிதான் தெரிஞ்சது.