சமையலறையில் தாஜிகிஸ்தான்

"பந்தை விடுடி!"

"எதுக்கு விடணும்?"

"நேத்து இந்தியா நாலு கோல் அடிச்சாச்சு. இன்னிக்கு நீ வந்து தடுத்தா…"

"நேத்து மட்டும் தடுக்காமலா இருந்தாங்க? நீயும் அடி. யாரு வேணாம்னா?"

"தாஜிகிஸ்தான் தோக்கணும் சத்யா! பேப்பர்லயே போட்டாச்சு!"

சத்யப்ரியா பந்தை அணைத்துக்கொண்டு சிரித்தாள். கேஷவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. பேப்பரில் வந்த பிறகும் தோற்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தாஜிகிஸ்தானை அவன் என்னதான் செய்வான்?

இதெல்லாம் 2008ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்துக் கதை. இப்போது மாடம்பாக்கத்தில் ஒரு கோலிக்குண்டு உருட்டக்கூட இடம் இல்லை. அப்போதோ வீட்டுக்கு வீடு பக்கத்தில் ஒரு காலி மனை. முள்செடிக்கும் எருமைக்கும் போக மிச்சமெல்லாம் பிள்ளைகளுக்கு.

முந்தின நாள்தான் டெல்லியில் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையின் இறுதியாட்டம். போட்டியை நடத்தியதும் இந்தியா, தாஜிகிஸ்தானை நாலுக்கு ஒன்று என்று ஜெயித்ததும் இந்தியா. ஆனால் தெருவில் எல்லார் வீட்டு டி.வி.யிலும் ஒலிம்பிக்ஸ். ஆட்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை. "அதனால என்ன? நாமளே ஆடிப் பார்த்துடலாம்," என்றான் கேஷவ்.

ஒரே ஒரு சிக்கல். எல்லோரும் இந்தியா. தாஜிகிஸ்தானுக்கு ஆள் இல்லை.

"அந்த ஊரு எந்தப் பக்கம்னே தெரியாது. நான் எப்படி அங்கேருந்து வர்றது?" என்று வினோத்குமார் நழுவிவிட்டான்.

"சரி, நான் வரேன்," என்று சத்யப்ரியாதான் போனாள். தங்கை சின்மயியையும் இழுத்துக்கொண்டாள். சின்மயி தாஜிகிஸ்தானின் ஒரே கோலை எடுத்த எடுப்பில் அடித்துவிட்டு, "என் வேலை முடிஞ்சுது," என்று செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கேஷவ் மூன்று அடித்தான். நாலாவதுதான் விழுவேனா என்கிறது.

அன்றைக்கு மைதானமும் அமர்க்களம்! பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், மனை முழுக்க நேர்நேராக வெள்ளைக் கோடுகள். "யாரோ நமக்காகப் போட்டிருக்காங்கடா! நிஜ கிரவுண்டு மாதிரியே!" என்று குதித்தான் வினோத்குமார். மூலையில் இருந்த கட்டம் கோல்கீப்பருக்கு. அதில்தான் சத்யப்ரியா காலை அகட்டி நின்றிருந்தாள்.

"ஏய்! எங்க சமையலறையில என்ன பண்றே?"

எல்லோரும் திரும்பினார்கள். சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றியபடி ஒரு புதுப் பையன் நின்றான்.

"சமையலறையா?"

"ஆமா. அவன் நிக்கிறது ஹால். அந்தப் பாப்பா உக்காந்திருக்கிறது பாத்ரூம்."

சின்மயி துள்ளி எழுந்தாள்.

"என் பேரு அருண்ராஜ். இது எங்க மனை. ஆவணி பிறந்ததும் வீடு கட்டப்போறோம். எந்த ரூம் எங்கன்னு மேஸ்திரி சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போனாரு. ஆறு மணிக்கு அப்பா வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிட்டு வராரு." அப்போதுதான் அவன் தரையைப் பார்த்தான். "ஐயோ! பாதிக் கோட்டைக் காணோமே! நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனே. பஜ்ஜி வாங்கப் போன நேரத்துல…"

அவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். கையில் பஜ்ஜிப் பொட்டலம் வேறு.

"போனா போகட்டும்," என்றான் கேஷவ். "எங்க கிரவுண்டே போகுதாம், இவனுக்குக் கோடு ஒண்ணுதான் கேடு. வாங்கடா, ஓடிடலாம்."

"இருடா. அழிச்சது யாரு? நம்ம காலு." சத்யப்ரியா குனிந்து பார்த்தாள். "மேஸ்திரி அடிச்ச முளையெல்லாம் அப்படியே இருக்கு. முளைக்கு முளை நூல் கட்டினா கோடு தானா நேரா வரும். வினோத், உன் காத்தாடி நூல்கண்டு எங்க? சின்மயி, ஓடிப்போய் அம்மாகிட்ட கோலமாவு டப்பா வாங்கிட்டு வா!"

நூலின் ஒரு முனையை அருண்ராஜ் பிடித்தான். மறு முனையை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே, கேஷவ் பிடித்தான். ஹால் வந்தது. படுக்கையறை வந்தது. சமையலறையும் வந்தது. அதன் மூலையில் சின்மயி தன் பங்குக்கு ஒரு பூக்கோலம் போட்டாள். ஆறிப்போன பஜ்ஜியை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றார்கள்.

"இதான் கடைசி ஆட்டம். அதுலயும் நாலாவது கோல் இல்ல," என்று கேஷவ் பெருமூச்சு விட்டான்.

"கேஷவ், போட்டியை நடத்தின நாடுதானே ஜெயிச்சுது?" என்றாள் சத்யப்ரியா.

"ஆமா."

"இது யாரு கிரவுண்டு?"

கேஷவ் அருண்ராஜைப் பார்த்தான். "அதெல்லாம் முடியாது! நான்தான் இந்தியா!"

"இந்தியாவுல பதினோரு பேரு ஆடினாங்க. நீ ஒருத்தனாடா?"

கேஷவ் பந்தைக் காலால் இப்படியும் அப்படியும் உருட்டினான். பிறகு மெல்ல அருண்ராஜ் பக்கம் தள்ளினான். "ஹால்லேருந்து அடி. ஒரே அடிதான். கோட்டை மிதிச்சா கோல் கிடையாது."

அருண்ராஜ் ஓடிவந்து உதைத்தான். சத்யப்ரியா பாய்ந்தாள். பந்து அவள் விரலை உரசிக்கொண்டு முள்செடிக்குள் போய் விழுந்தது.

"கோல்!" முதலில் கத்தியது கேஷவ்தான். பிறகு சந்தேகம் வந்து, அவள் காதில் கேட்டான்: "விட்டுக்குடுத்தியா?"

சத்யப்ரியா சிராய்த்த முழங்கையைக் காட்டினாள்.

ஆறு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. பின்சீட்டிலிருந்து இறங்கிய வாஸ்துக்காரர் சமையலறையைப் பார்த்துத் தலையாட்டினார். "லட்சணமா இருக்கு சார். உங்க மேஸ்திரி கோலம்கூடப் போடுவாரா?"

செங்கல் அடுக்குக்குப் பின்னால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அருண்ராஜ் மட்டும் எதையோ யோசித்தபடி ஆகாயத்தைப் பார்த்தான்.

"வீட்டுக்கு மேல பெரிய மொட்டை மாடி வருது. அப்பாகிட்ட நான் கேக்கறேன், அடுத்த ஃபைனல் அங்கதான். ஆனா ஒண்ணு, அப்போ யாரு தாஜிகிஸ்தான்?"