ரேவினின் பச்சை ஸ்டிக்கர்

ரேவின் அந்த மனிதரை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தபோது, அவர் அவளுடைய டாய்லெட்டில் உட்கார்ந்திருந்தார்.

முழு உடுப்போடுதான். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வேனுக்குள் படுக்கை விரித்திருந்தது. படுக்கைக்கும் கதவுக்கும் நடுவே கிடைத்த கொஞ்ச இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் டாய்லெட்டை இழுத்து வைத்து, ஆறடி உடம்பையும் மடக்கி உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் பக்கவாட்டில் விரித்துப் பார்த்தார். வலது முழங்கை அலமாரியில் இடித்தது. இடது முழங்கை ரேவினை இடித்தது.

"தேறாதுங்க," என்றார்.

மழை வேனின் கூரையில் பொரி வறுப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். புருவத்தில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது. அதற்குக் கீழே இரண்டு சாம்பல் நிறக் கண்கள்... தேறாது என்று சொன்னதற்காக நிஜமாகவே வருத்தப்படும் கண்கள். குறை சொல்லிப் பிழைக்கிற ஆளுக்கு இப்படிக் கண்கள் எதற்காம்? ரேவினுக்கு அதுவே எரிச்சலாக வந்தது.

"என்ன தேறாது?"

"படுக்கை போட்டிருக்கும்போதே ஒரு ஆள் இடிக்காம உட்கார முடியணும். டாய்லெட் தரையோட பொருத்தி இருக்கணும். இழுத்து வைக்கிறதெல்லாம் இப்ப செல்லாது."

"நான் அஞ்சடி. எனக்கு இடிக்காது. நீங்க ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்துட்டு என் வண்டியைக் குத்தம் சொல்றீங்க..."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்ல எழுந்தார். தலை கூரையில் இடித்தது. ரேவின் அதற்குச் சிரித்திருக்கலாம். ஆனால் அழுகை முந்திக்கொண்டு வந்துவிட்டதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் பெயர் பெவன். மொட்டுவேக்கா என்ற சிற்றூரில் பிளம்பர். வயது ஐம்பத்தெட்டு. ஆட்கள் குடியிருக்கும் வேன்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. சான்றிதழோடு கண்ணாடியில் ஒட்ட ஒரு பச்சை ஸ்டிக்கர் கொடுப்பார்கள். அது இருந்தால் கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ ராத்திரி நிறுத்தித் தூங்கலாம். இல்லாவிட்டால் அபராதம்தான்.

அந்த வேனை அவள் ஏமாளித்தனமாக வாங்கவில்லை. போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். விற்கிறவர்கள் முன்னாலேயே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லென்றுதான் இருந்தது. காந்தத்தை எடுத்துக் கதவோரமெல்லாம் ஒட்டிப் பார்த்தாள், துருவை மறைத்துப் பூசியிருக்கிறார்களா என்று. கூரையின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தி, எங்கும் ஈரத்தில் ஊறி அமுங்கவில்லை என்று உறுதிசெய்தாள். கண்ணாடியில் நீல ஸ்டிக்கர் இருந்தது. நீலமோ பச்சையோ, ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தானே என்று நினைத்துவிட்டாள். ஆப்பிள் பொட்டலம் கட்டும் ஆலையில் பதினோரு வருஷம் நின்று சேர்த்ததைக் கொடுத்து வாங்கினாள். விற்றவர்கள் ஊர் சுற்ற வந்த இளம் ஜோடி. மறுநாளே விமானம் ஏறிவிட்டார்கள். நீலம் பழைய சட்டத்தின் நிறம் என்பதைப் பெவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஐம்பத்து மூன்று வயதில் இந்தப் பைத்தியக்காரத்தனம் எதற்கு என்று தங்கை ஜோலீன் தினமும் கேட்டாள். வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றபிறகு ரேவின் தங்கையின் கார் ஷெட்டில்தான் படுத்திருந்தாள். அவள் சம்பளத்துக்கு ஊரில் வேறு அறை கிடைக்கவில்லை. தங்கை நல்லவள்தான். ஆனாலும் காலையில் சமையலறைக்குள் போகும்முன் செருமிவிட்டுப் போக வேண்டியிருந்தது. வேன் இருந்தால் டிசம்பரில் தெற்கே க்ராம்வெல்லில் செர்ரி, பிப்ரவரியில் திரும்பி வந்தால் இங்கே ஆப்பிள் என்று பழம் பழுக்கும் இடத்துக்கு வீட்டோடு போகலாம். செர்ரித் தோட்டத்தில் பத்தாம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள். பச்சை ஸ்டிக்கர் இல்லாத வண்டிக்கு உள்ளே இடமில்லை என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் செர்ரி இல்லை. செர்ரி இல்லையென்றால் இன்னொரு வருஷம் கார் ஷெட்.

இன்னும் இருபது நாள் இருந்தது.

என்ன செய்தால் தேறும் என்று அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். கட்டிலை ஒன்றரை அடி வெட்டிவிட்டு, அந்த இடத்தில் டாய்லெட்டைப் பெட்டி கட்டிப் பொருத்தலாம், உங்கள் உயரத்துக்குக் கட்டில் அப்போதும் போதும் என்று பெவன் தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டே நாளில் தானே செய்து தருவதாகவும், பணம் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவள் வெடுக்கென்று திரும்பினாள்.

"சும்மா செஞ்சு தர நான் உங்களுக்கு யாரு? ரம்பத்தை மட்டும் குடுங்க. என் வீட்டை நானே வெட்டிக்கிறேன்."

அப்படித்தான் அது ஆரம்பமானது...

ஆலை விட்டதும் ஐந்தரைக்கு வேன் பெவனின் பட்டறை முன்னால் வந்து நிற்கும். கருவிகளுக்கு ஈடாகத் தினமும் பட்டறையைப் பெருக்கித் தருவேன் என்று அவள் முதல் நாளே ஒப்பந்தம் போட்டுவிட்டாள். ஒன்பது வருஷம் பெருக்காத பட்டறை அது. மனைவி பிரிஸ்பேனுக்குப் போய் வேறொருவரைக் கட்டிக்கொண்ட வருஷத்தோடு பெவன் துடைப்பத்தை மறந்துவிட்டார். ரேவின் பெருக்கப் பெருக்கத் தொலைந்த ஸ்பானர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அவளுக்கு ரம்பம் நேராகப் போகாது. கோடு ஒரு பக்கம் போனால் பலகை ஒரு பக்கம் பிளக்கும். பெவனின் கை தானாக நீளும். அவள் ஒரு பார்வை பார்ப்பாள்... கை தானாக மடங்கும்.

"கையைப் பைக்குள்ள போட்டுக்குங்க. அங்கேயே இருக்கட்டும்."

"வாயையும் போட்டுக்கணுமா?"

"வாய் இருக்கட்டும். தப்பாப் போனா சொல்லணும்ல..."

பையில் கையை வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று பெவன் அந்த நாட்களில் கற்றுக்கொண்டார். மரத்தூள் ஒட்டிய அவள் கன்னத்தைத் துடைத்துவிட வேண்டும் போல இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி வழிந்தால் மேலே தள்ளிவிட வேண்டும் போல இருக்கும். பையில் கை... பையிலேயே கை. ஐந்து மணியிலிருந்தே காது தெருப்பக்கம் போய்விடுவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் சொன்னால் சிரிப்பார்கள்.

ரேவினும் ஒன்றைக் கவனித்தாள். அவள் கேட்காதவரை அவர் எதையும் செய்து வைக்கவில்லை. அவள் பாதியில் விட்டுப்போன ஸ்க்ரூ மறுநாள் அதே பாதியில் நின்றது. அவளுடைய இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அப்படி ஒரு பாதியைப் பார்த்ததில்லை. முன்னாள் கணவர் எல்லாவற்றையும் பிடுங்கிச் செய்து முடித்துவிட்டு, உனக்கு ஒன்றும் தெரியாது என்பார். இந்த ஒட்டடைக்குச்சி வேறு மாதிரி... என்று நினைத்தபோது உதட்டில் சிரிப்பு வந்தது. வேனின் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அவளே அதட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை பெட்டி முடிந்தது. கொஞ்சம் கோணல், ஆனால் அசையாத பெட்டி. தண்ணீர்த் தொட்டியையும் பொருத்தி, மூடி போட்ட குப்பைக்கூடையும் வைத்தாகிவிட்டது. மழை விட்டிருந்தது. இருவரும் பட்டறை வாசலில் தேநீரும் அவள் சுட்டுக் கொண்டுவந்த சீஸ் ஸ்கோன் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். நாளை சோதனை. அதற்குப்பிறகு அவள் போய்விடுவாள்... அந்த நினைப்பு பெவனை அவசரப்படுத்தியது.

"எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்? என் வீட்டுல மூணு ரூம் சும்மாக் கிடக்கு. ஒண்ணுல நீங்க இருந்துக்குங்க. வண்டி பாட்டுக்கு வாசல்ல நிக்கட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் வினை.

ரேவின் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாமியார் வீட்டுல ஒரு ரூம் குடுத்தாங்க. புருஷன் வீட்டுல பாதி ரூம் குடுத்தாரு. இப்ப தங்கச்சி கார் ஷெட்டைக் குடுத்திருக்கா. எல்லாரும் நல்லவங்கதான் பெவன். எல்லாரும் ஒருநாள் எழுந்து போன்னு சொன்னாங்க, இல்ல சொல்லாம சொன்னாங்க. பன்னெண்டு நாளா பக்கத்துல நின்னு பார்த்தீங்களே... நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்னு நெனச்சீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் பட்டறையைப் பெருக்கினாள். அன்றைய ஒப்பந்தத்தை அன்றே முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். சோதனைக்குப் பக்கத்து ஊரான நெல்சனில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நெல்சன் ஆளுக்குக் கிறிஸ்துமஸ் வரை நேரமில்லை. அடுத்த ஊர் ஆள் போனையே எடுக்கவில்லை. மூன்று நாள் விடாமல் அழைத்தாள். நான்காம் நாள், ஊருக்கு அப்பால் நூறு கிலோமீட்டரில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்க்கிறேன் என்றார். சரி என்றாள். பெவனிடம் திரும்பிப் போவதைவிட நூறு கிலோமீட்டர் பக்கம். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஐந்தரை மணி ஆனால் மட்டும் கை வேலையில் நிற்கவில்லை... காதுக்குள் ஒரு குரல் "கொஞ்சம் இடது பக்கம்" என்றது.

சனிக்கிழமை காலை, தூறலில், ஜோலீன் வீட்டு வாசலில் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. பெவன் இறங்கினார். கையில் டார்ச்சும் அளக்கும் டேப்பும் படிவமும் மட்டும். கருவிப்பெட்டி இல்லை.

"சோதனைக்கு வந்திருக்கேன். வேண்டாம்னா போயிடறேன்."

ரேவின் வேன் கதவைத் திறந்துவிட்டாள். அவர் சலுகை காட்டவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார். கழிவுநீர்த் தொட்டியின் இணைப்பை இழுத்துப் பார்த்தார். படுக்கையை விரிக்கச் சொல்லி, உட்கார்ந்து, முழங்கைகளை விரித்தார். எங்கும் இடிக்கவில்லை. சமையலறை ஜன்னலில் ஜோலீனின் முகம் தெரிந்தது, பிறகு அவள் கணவன் முகமும் தெரிந்தது.

"தேறிடுச்சு," என்றார்.

வேனின் படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். வண்டி எண், உரிமையாளர் பெயர், தேதி. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"எத்தனை பேருக்குன்னு எழுதணும். ஆளுக்குப் பன்னெண்டு லிட்டர் தண்ணி வேணும். உங்க தொட்டி முப்பது."

"நான் ஒருத்திதானே."

அவர் எழுதவில்லை. தூறல் படிவத்தின் ஓரத்தை நனைத்தது. அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டார். மெல்லத் தலையை நிமிர்த்தினார்... அதே சாம்பல் கண்கள். இப்போது பயந்துபோயிருந்தன.

"அன்னைக்கு நான் கேட்டது தப்பு. என் வீட்டுக்கு வாங்கன்னு கேட்டேன். உங்க வீட்டுல எனக்கு எடம் இருக்கான்னு கேட்டிருக்கணும். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு ரேவின். எடம் இல்லன்னாலும் சரி... ஒண்ணுன்னு எழுதி ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போயிடறேன்."

அவள் படிக்குக் கீழே ஈரப்புல்லில் நின்றிருந்ததால் இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. இவ்வளவு பக்கத்தில் பார்த்தால் அந்தக் கண்களில் கொஞ்சம் பச்சையும் இருக்கிறது... என்று நினைத்தாள்.

"கட்டில் அஞ்சடிதான்."

"காலை மடக்கிக்குவேன்."

"திங்கக்கிழமை நான் தனியாத்தான் போவேன். முதல் செர்ரியை நானே பறிக்கணும். நீங்க கிறிஸ்துமஸுக்கு வாங்க. வண்டியை எப்பவும் நான்தான் ஓட்டுவேன்."

"சரி."

"சாவி ஒண்ணுதான் இருக்கு. அது என்கிட்டத்தான் இருக்கும்."

"சரிங்க."

அவள் கை நீட்டி அவர் புருவத்திலிருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு பெவன். இல்லன்னா அன்னைக்கு அவ்வளவு கோபம் வந்திருக்குமா? ரெண்டுன்னு எழுதுங்க."

பெவன் எழுதினார். எண் கொஞ்சம் கோணிக்கொண்டது. ரேவின் படிவத்தை வாங்கி, முதலில் உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அந்த இரண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.