இரண்டு சென்டிமீட்டர் கொலை

ட்ரிங்... ட்ரிங்...!

இன்டர்காமை எடுத்தான் நிரஞ்சன்.

"சார்! ஒடனே கீழ வாங்க சார்!" டெக்னீஷியன் ஜெசிந்தா அலறினாள். "சாமிநாதன் ஐயா நெஞ்சுல போட்ட மார்க்கு நகந்துகினு கீது சார்... ரெண்டு சென்டிமீட்டர்!"

நிரஞ்சன் விறைத்தான்.

1997. தீபாவளிக்கு மறுநாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. கதிர்வீச்சுக் கருவிக்கு அளவு போட்டுக் கொடுப்பது நிரஞ்சனின் உத்தியோகம். தான் ஒரு துப்பறியும் புலி என்பது அவனுடைய நினைப்பு. மேஜை டிராயரில் இருபது பாக்கெட் நாவல். இதுவரை துப்புத் துலக்கிய வழக்கு ஒன்றே ஒன்று: காணாமல் போன அவனுடைய டிபன் பாக்ஸ். அதுவும் அவன் ஸ்கூட்டர் பெட்டியிலேயே இருந்தது!

படிகளில் பாய்ந்தான்.

சட்டையில்லாமல் மல்லாந்திருந்தார் சுவாமிநாதன். வயது அறுபத்திரண்டு. நுரையீரலில் கட்டி. மார்பில் ஊதா மையில் போட்ட கூட்டல் குறிதான் கருவிக்கு வழிகாட்டி. கதிர் இம்மி பிசகினால் கட்டி தப்பிக்கும்... நல்ல சதை வெந்துபோகும்!

"மை புச்சா மின்னிச்சு சார். டவுட்டாயி ஸ்கேல் வச்சேன்," என்றாள் ஜெசிந்தா. "தொண்டைக்குழிலேர்ந்து பதினொண்ணுன்னு சார்ட்ல கீது. இங்க ஒம்போதுதான்!"

"யாரோ அழிச்சு மாத்தியிருக்காங்க..." நிரஞ்சன் கிசுகிசுத்தான். "ஜெசிந்தா, இது கொலை முயற்சி!"

"ஏம்ப்பா, நான் இங்கதான் படுத்துண்டிருக்கேன்," என்றார் சுவாமிநாதன். "கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசப்படாதோ?"

நிரஞ்சன் கண்களைச் சுருக்கினான். அவன் படித்த நாவல்களில் பத்துக்கு ஒன்பதில் குற்றவாளி மனைவிதான்.

வராந்தாவில் இருந்த அவர் மனைவி ஜானு மாமியை உள்ளே அழைத்தான்.

"உண்மையைச் சொல்லிடுங்க மாமி... அந்தக் குறியைத் தொட்டது யாரு?"

"நான்தான்!"

எடுத்த எடுப்பில் வாக்குமூலம்! நிரஞ்சனுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

"மார்ல தண்ணி படக்கூடாதுன்னு தலைபாடா அடிச்சுண்டேன்," என்றாள் மாமி. "தீபாவளியும் அதுவுமா எண்ணெய் தேய்ச்சுக்காம இருப்பாளான்னு கங்கா ஸ்நானம் பண்ணிட்டார். குறி அழிஞ்சுடுத்து. நானே திரும்பப் போட்டேன்."

"கண்ணளவாவா? மாமா உயிர் மாமி இது... கோலம் இல்ல!"

பேனாவை எடுத்தான். பதினொன்றில் புதுக் குறி போடக் குனிந்தான்.

"ஜெசிந்தா, மெஷினை ரெடி பண்ணு!"

"நில்லுங்கோ!"

மாமி கைப்பையிலிருந்து ஒரு பட்டர் பேப்பரை உருவினாள்.

"கண்ணளவுன்னு யார் சொன்னா? இவர் கேக்க மாட்டார்னு நேக்குத் தெரியாதா? குளிக்கறதுக்கு முன்னாடியே, எம்ப்ராய்டரிக்கு டிசைன் எடுக்கற மாதிரி மச்சம், தொண்டைக்குழி, குறி எல்லாத்தையும் அச்சு எடுத்து வெச்சுண்டுட்டேன்."

தாளை அவர் மார்பில் விரித்தாள். மச்சத்தின் மேல் மச்சம் உட்கார்ந்தது. குழியின் மேல் குழி. குறி...

ஒன்பதில்!

அப்படியென்றால் முதலிலிருந்தே ஒன்பதுதானா?

நிரஞ்சன் பேனாவைக் கீழே வைத்தான். குறி போட்ட அன்று, அதன் மேல் ஈயப் பொட்டு வைத்து எடுத்த எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டினான். அளந்தான்.

ஒன்பது!

சார்ட்டைப் பார்த்தான். பதினொன்று. சாட்சாத் அவனுடைய கையெழுத்து! அது கோடம்பாக்கம் சுயம்புலிங்கம் என்ற இன்னொரு நோயாளியின் அளவு. அன்று சார்ட் எழுதும்போது அவன் மடியில் ஒரு நாவல் விரிந்து கிடந்தது. கொலையாளி யார் என்று தெரியப்போகும் கடைசி அத்தியாயம்...!

இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அந்த மனிதரை அவனே பொசுக்கியிருப்பான்.

"மன்னிச்சிடுங்க மாமா... தப்பு என்னோடது." சார்ட்டில் பதினொன்றை அடித்து ஒன்பது என்று எழுதினான்.

"அப்போ, கொலை பண்ணப் பார்த்தது...?" மாமி மெதுவாக இழுத்தாள்.

ஜெசிந்தா தொண்டையைச் செருமினாள்.

"ஆட்டோ கூப்புடட்டா சார்? மயிலாப்பூர் போலீஸ் ஸ்டேஷன் கிட்டக்கத்தான் கீது. நீங்களாவே போயி சரண்டர் ஆனா... தண்டனை கம்மியாம்!"