தொம்மையின் பித்தளை வில்லை

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குச் சவுரிராயன் வால்வைத் திறந்தபோது, குழாயிலிருந்து வந்த காற்றில் வெற்றிலை புகையிலை வாசனை அடித்தது.

கையை எடுத்துவிட்டான். பிறகு மறுபடியும் வைத்துத் திருகினான். திறக்காமல் இருக்க முடியாது. திண்டிவனத்தில் விளக்குப் போடும் நேரம்.

ஓமந்தூர்ச் சாலையில் கைவிட்ட கல்குவாரி ஒன்றின் பாறையைக் குடைந்து, சோதனைக்காக அமைத்த நிலையம் அது. இரவில் மிஞ்சுகிற மின்சாரத்தில் கம்ப்ரசரை ஓட்டி, பாறைக்குள் காற்றை அமுக்கி அடைத்து வைப்பார்கள். மாலையில் அதைத் திறந்துவிட்டால் டர்பைன் சுற்றும். அடைத்த மின்சாரம் திரும்பக் கிடைக்கும். எண்பத்தாறில் தொடங்கிய இந்த எட்டு மாதத்தில், அந்தக் காற்றில் கல் வாசனையும் எண்ணெய் வாசனையும் தவிர வேறெதுவும் வந்ததில்லை. நிலையத்தில் வெற்றிலை போடுகிறவன் தொம்மை ஒருவன்தான். அவன் இன்று வேலைக்கு வரவில்லை. ஞாயிறு நிலையத்துக்கு விடுமுறை; சனிக்கிழமை இரவு அடைத்த காற்று இப்போதுதான் வெளியே வருகிறது.

சனிக்கிழமைதோறும் பாறை அறைக்குள் கசிந்த தண்ணீரைத் துடைப்பார்கள். உள்ளே போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கதவுக்கு வெளியே இருக்கும் பலகை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கதவை மூடுமுன் போர்மேன் நடராசன் சக்கரத்தைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வெளியே வந்தவன் “வந்துட்டேங்க” என்று சொல்லி வில்லையை எடுத்துக்கொள்வான். ஐந்து மணி விழுப்புரம் பஸ்ஸை விட்டால் தன் ஊர் முகையூருக்குப் போய்ச்சேர நடுராத்திரிதான் என்று தொம்மை முன்னாலேயே நழுவிவிடுவான்.

“எனக்கும் சேத்துக் கொரலு குடுத்துடு சவுரி. உனக்கு மோட்சம் கெடைக்கும்.”

“உன்னால எனக்கு நரகம்தான்டா.”

போன சனிக்கிழமையும் சவுரிராயன் வாய்நிறைய வெற்றிலை அதக்குகிறவனைப் போலக் குரலை மாற்றி, தொம்மைக்காக “வந்துட்டேங்க” என்று சொன்னான். ஏழாம் எண் வில்லையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆனால் தொம்மை கிளம்பியதை அவன் கண்ணால் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் உள்ளே வளைவுக்கு அப்பால் குளுகுளுவென்று இருக்கும் மூலையில் கொஞ்சம் கண்ணயர்வது தொம்மையின் வழக்கம். அது இன்று காலைதான் நினைவுக்கு வந்தது.

ஏழு மணிக்கு வாசல் கேட்டில் தொம்மையின் மனைவி அமலோற்பவமேரி நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை.

“அண்ணே, அவரு சனிக்கிழம ஊட்டுக்கு வரவே இல்லீங்க. நேத்து புள்ளைக்கு ஞானஸ்நானம். கோயில்ல எல்லாரும் காத்துக்கினு இருந்தோம்.”

“விழுப்புரத்துல ஏதோ வேலன்னு சொன்னாம்மா. வந்துடுவான்.”

“புள்ள ஞானஸ்நானத்த உட்டுட்டா?”

அவள் சாலையோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சவுரிராயன் திரும்பி வந்து அழுத்தமானியைப் பார்த்தான். முள் இறங்கிக்கொண்டிருந்தது. விரிந்து வெளிவரும் காற்று எப்போதுமே ஜில்லென்றுதான் இருக்கும். குழாய்மேல் வெள்ளையாய்ப் பனி படியும். ஒரே சீராகச் சீறிக்கொண்டிருக்கும். இன்று அந்தச் சீறல் நின்று, கொஞ்சம் பொறுத்து, மறுபடி வந்தது. நின்றது. வந்தது. மூச்சு மாதிரி. சட்டைப் பையில் கிடந்த தொம்மையின் வில்லை, துணியையும் தாண்டி மார்பைச் சுட்டது, குளிரால்.

போர்மேனிடம் சொல்லிவிடலாமா? சொன்னால், இத்தனை வாரமாகக் குரல் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். முதலில் தானே போய்ப் பார்த்துவிடுவது. இல்லையென்றால் நிம்மதி. இருந்தால், அப்புறம் சொல்வது.

எட்டரைக்கு முள் பூஜ்யத்தைத் தொட்டது.

“கதவு ரப்பர்ல காத்து கசியற மாதிரி தெரியுதுங்க. ஒரு பார்வ பாத்துட்டு வந்துடறேன்” என்று நடராசனிடம் சொன்னான்.

நடராசன் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் திறந்தார். “ஜல்தியா வா. கம்ப்ரசர சூடேத்தணும். லேட் பண்ணினா உன்னியும் சேத்து அமுக்கிடுவேன்” என்று சிரித்தார்.

சவுரிராயன் தன் நான்காம் எண் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு, டார்ச்சுடன் நுழைந்தான்.

உள்ளே புகையிலை வாசனை கெட்டியாக நின்றது. வளைவு வரை தரையில் ஒன்றுமில்லை. வளைவைத் தாண்டினான். மூலையில் ஒரு துண்டு விரித்திருந்தது. அதன்மேல் யாரும் இல்லை. டார்ச்சை நாலு பக்கமும் சுழற்றினான். ஈரப் பாறை. வெறும் தரை. வேறு வழியில்லாத அறை.

“தொம்ம...”

துண்டுக்கு மேலே பாறையில் சுண்ணாம்புக் கோடு. வெற்றிலைக்குத் தடவிய விரலைச் சுவரில் துடைப்பானே, அதே கோடு. பக்கத்தில் இன்னொன்று. அப்பால் இன்னொன்று. டார்ச்சோடு அவன் அவற்றின் பின்னாலேயே வளைவு வரை வந்தான். கோடுகள் வளைவைத் தாண்டின. நெருங்கின. நீண்டன. நான்கு நான்கு விரலாக, மேலிருந்து கீழே, கதவை நோக்கி.

தூரத்தில் திறந்து கிடந்த இரும்புக் கதவின் உட்புறம் முழுக்க வெள்ளை. ஒரு விரல் வைக்க இடமில்லை.

வெளியே நடராசனின் குரல் கேட்டது.

“சவுரிராயன்!”

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பலகைப் பக்கமிருந்து பதில் வந்தது.

“வந்துட்டேங்க.”

அவனுடைய குரல். அவனுடையதேதான். வாய்நிறைய வெற்றிலை அதக்கிக்கொண்டு.

கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. அவன் கத்தினான். ஓடினான். சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கதவு நகர்ந்தது. முதுகைக் காட்டியபடி நடராசன். வெளிச்சம் ஒரு சாண். நான்கு விரல். ஒரு விரல்.

அந்த ஒரு விரல் இடைவெளியில் பலகை தெரிந்தது. நகமில்லாமல், சுண்ணாம்பில் வெளுத்த ஒரு கை, நான்காம் எண் வில்லையை ஆணியிலிருந்து நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தது.